‘ரு’வுக்குப் பின்னால் ஓர் ‘இங்’

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்திலிருந்து போகும் ஆங்கில வேலை விண்ணப்பங்கள் பலவற்றின் கடைசி வரி: ‘ஐ லுக் போர்வேர்ட் ரு ஹியர் ப்ரம் யூ’ (I look forward to hear from you), அதாவது உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். அதில் ‘ஹியர்’ பிழை. ‘ஹியரிங்’ என்றே வரவேண்டும்.

குழப்புவது அந்த ‘ரு’ (to) தான். ‘ஐ வோண்ட் ரு கோ’வில் உள்ள ‘ரு’ வினையோடு சேர்ந்தது. பின்னால் வெறும் வினை வரும். ‘லுக் போர்வேர்ட் ரு’வில் இருப்பதோ எங்கள் நான்காம் வேற்றுமை ‘கு’வைப் போன்றது. அது பெயரைத்தான் கேட்கும். ‘யுவர் ரிப்ளை’ என்றால் அப்படியே எழுதலாம். வினை வந்தால் ‘இங்’ சேர்த்துப் பெயராக்க வேண்டும், ‘கேள்’ என்பதைக் ‘கேட்டல்’ ஆக்குவதுபோல. சந்தேகம் வந்தால் ‘ரு’வுக்குப் பின் ‘இற்’ (it) போட்டுப் பாருங்கள். ‘ஐ லுக் போர்வேர்ட் ரு இற்’ நிற்கும். ‘ஐ வோண்ட் ரு இற்’ நிற்காது. நின்றால் ‘இங்’.

இதே சோதனையில் சிக்கும் இன்னொன்று: ‘ஐ யூஸ்ட் ரு வோக்’ என்றால் முன்பு நடப்பேன், இப்போது இல்லை. ‘ஐ ஆம் யூஸ்ட் ரு வோக்கிங்’ என்றால் நடந்து பழகிவிட்டேன். நடுவில் ஓர் ‘ஆம்’ வந்ததும் பொருளே மாறிவிடுகிறது.

பொருளிலும் ஒரு வில்லங்கம் உண்டு. ‘எதிர்பார்க்கிறேன்’ என்ற எங்கள் சொல் மழைக்கும் பொருந்தும், வெள்ளத்துக்கும் பொருந்தும். ஆங்கிலத் தொடரில் மகிழ்ச்சி கலந்திருக்கிறது. கனடா உறவினருக்காக ஆங்கிலத்தில் அடிக்கும் இறந்தவருக்கான 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்கு அழைப்பில் ‘வீ லுக் போர்வேர்ட் ரு சீயிங் யூ’ என்று போட்டால் இலக்கணம் சரி, இடம் பிழை. மறுபக்கம், ‘ஐ எக்ஸ்பெக்ற் யுவர் ரிப்ளை’ பதிலை அதட்டிக் கேட்பது. கடன் கொடுத்தவர் எழுதலாம், வேலை கேட்பவர் எழுதக்கூடாது.

‘ஐ ஆம் லுக்கிங் போர்வேர்ட்’ சிநேகிதருக்கு நல்லது. விண்ணப்பத்துக்கு ‘ஐ லுக் போர்வேர்ட்’ போதும்.

ரியூற்றரிகளில் கைமாறும் மாதிரிக் கடிதங்களில் ‘ஹியர்’ இருந்தால், அடுத்த முறை போட்டோக் கொப்பி எடுக்குமுன் பேனாவால் ஓர் ‘இங்’ சேர்த்துவிடுங்கள்.

இங்ஙனம்,
ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
கோண்டாவில்.