அலமுவுக்கு, காமன் கோயில் விவகாரம்

அன்புள்ள அலமு,

நல்லா இருக்கியா, முட்டுவலி தேவலையா. உன் லெட்டர் வந்து ரொம்ப நாளாச்சு, எழுதணும் எழுதணும்னு தள்ளிப்போட்டு இன்னைக்குத்தான் உக்காந்தேன். இங்க எல்லாரும் சௌக்கியம். ரெண்டாங்கட்டுல ஓடு மாத்தணும்னு பங்காளிங்ககிட்ட பேசியாச்சு, எல்லாரும் சரி சரிங்கறாங்க, பணம்னு வந்தா மட்டும் போன் எடுக்க மாட்டேங்கறாங்க. முத்துமாரியம்மனுக்கு மாசி பங்குனி திருவிழா வரப்போகுது, மருமக பால்குடம் எடுக்கறதா வேண்டியிருக்கா.

அப்புறம் நீ கேட்டியே, காதலர் தினம்னா அங்க கலாட்டாவாமேன்னு. காரைக்குடில கலாட்டாவும் இல்ல ஒண்ணும் இல்ல, பேக்கரில செவப்பு கேக் வைக்கிறான், ஓசூர் ரோஸ் வெல ஏறிப்போகுது, அவ்வளவுதான். கலாட்டா எல்லாம் எங்க வீட்டு முகப்புலதான். கொழுந்தனார் சாய்வு நாற்காலில உக்காந்துக்கிட்டு இது வெள்ளக்காரன் பழக்கம் நம்ம பண்பாட்டுக்கே ஆகாதுங்கறார், பேத்தி விடாம "அப்ப 2023ல பிப்ரவரி 14க்கு பசுமாட்ட கட்டிப்பிடிங்கன்னு விலங்குநல வாரியம் சொல்லிட்டு வாபஸ் வாங்குச்சே அது எந்த பண்பாடு"ன்னு கேக்கறா, எனக்கு சிரிப்ப அடக்க முடியல.

சரி அந்த வாலன்டைன் யாருதான்னு நானும் தேடிப் படிச்சேன். மூணாம் நூற்றாண்டுல ரோம்ல தல வெட்டப்பட்ட ஒரு பாதிரியார்ங்கறாங்க, அதே பேர்ல இன்னொரு பிஷப்பும் உண்டு, ரெண்டு கதையும் ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கிட்டு, கடைசில 1969ல கத்தோலிக்க சபையே பொது காலண்டர்லேந்து அவர் திருநாள எடுத்துட்டாங்க. சிப்பாய்களுக்கு ரகசியமா கல்யாணம் பண்ணிவச்சார்ங்கறதெல்லாம் ரொம்பப் பின்னாடி வந்த கட்டுக்கதை. ரோம்ல பிப்ரவரி நடுவுல ஆட்டத் தோலுரிச்சு அந்த வாரால பொம்பளைங்கள அடிக்கிற திருவிழா ஒண்ணு இருந்துச்சு, அடி வாங்கினா பிள்ளை பொறக்குமாம், அதுதான் காதலர் தினமா மாறிச்சுன்னு எழுதறவங்க உண்டு, ஆனா அதுக்கு ஆதாரம் கிடையாது. காதலோட இந்த நாள முடிச்சுப் போட்டது சாசர்ங்கற இங்கிலீஷ் கவிஞர்னுதான் நெறைய பேர் சொல்றாங்க, 1380கள்ல, வாலன்டைன் நாளன்னிக்கு பறவைங்க எல்லாம் கூடி ஜோடி தேடுதுன்னு பாடிவச்சார். அப்புறம் 1840ல இங்கிலாந்துல ஒரு பென்னிக்கு தபால் வந்ததும் கார்டு வியாபாரம் பிச்சுக்கிட்டுப் போச்சு, 1860கள்ல கேட்பரிக்காரன் இதய டப்பால சாக்லேட் போட்டு வித்தான். வியாபாரம்னா நமக்குத் தெரியாததா!

அந்த இதயப் படம் இருக்கே, நெஞ்சுக்குள்ள இருக்கற இதயம் மாதிரி கொஞ்சமும் இல்ல, எனக்கு வெத்தலதான் ஞாபகம் வருது. அம்பு விடற அந்த கொழுகொழு பையன் க்யூபிட், ரோமாக்காரங்களோட காதல் தெய்வம் வீனஸோட மகன், அவன விட நம்ம காமன் எவ்வளவு நேர்த்தி பாரு, கரும்புல வில்லு, வண்டு வரிசைல நாணு, தாமர மாம்பூ அசோகு முல்ல நீலம்னு அஞ்சு பூவுல அம்பு.

கொழுந்தனார்கிட்ட நான் கேட்டது இதான். நகரத்தார் நம்ம எல்லாரும் காவிரிப்பூம்பட்டினத்துலேந்து வந்தவங்கன்னுதானே பெரியவங்க சொல்லிக்கிட்டு இருந்தாங்க, அந்த ஊர்லயே காமனுக்குக் கோயில் இருந்துச்சுன்னு சிலப்பதிகாரம் சொல்லுதே. கண்ணகியோட தோழி தேவந்தி வந்து அவகிட்ட, சோமகுண்டம் சூரியகுண்டம் ரெண்டுலயும் முழுகி காமவேள் கோட்டத்துல கும்பிட்டா புருஷன் திரும்பி வருவான்னு சொல்றா. கண்ணகி அது பெருமை இல்லைன்னு மறுத்துடறா, அவ்வளவு வீறாப்பு. அந்நேரம் பாத்து கோவலன் வாசல்ல வந்து நிக்கிறான், கும்பிடாமலே வந்துட்டான், வந்து என்ன புண்ணியம், செலம்ப வித்துப் பொழைக்கலாம் வா மதுரைக்குன்னு கூட்டிட்டுப் போயிட்டான்.

எனக்கு என்னமோ ஆண்டாளத்தான் புடிச்சிருக்கு. வீறாப்பெல்லாம் இல்ல. தை மாசம் பூரா தரைய மெழுகி கோலம் போட்டு, மாசி பொறந்ததும் தெருவ அலங்கரிச்சு, காமா என்ன வேங்கடத்தானோட சேத்து வையின்னு நேரடியா கேக்கறா, மனுசனுக்குன்னு என்னப் பேசினா உசுரோட இருக்க மாட்டேன்னு மெரட்டவும் செய்யறா. நாச்சியார் திருமொழில முதல் பத்தே இதுதான். மாசி ஒண்ணு இப்ப பிப்ரவரி 13 வாக்குல வருது, மறுநாள் அவங்க காதலர் தினம். ரெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, இருந்தாலும் இத காலண்டர விரிச்சுக் காட்டினதும் கொழுந்தனார் "ஆண்டாள் கேட்டது பெருமாள, உங்க பேத்தி யாரக் கேக்கறா"ன்னுட்டார். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல, பேத்தி காபி போட எந்திரிச்சுப் போயிட்டா, எனக்கு லேசா சந்தேகம்தான்.

பினாங்குல சீனப் புதுவருஷம் பதினஞ்சாம் நாள் கல்யாணமாகாத பொண்ணுங்க கடல்ல ஆரஞ்சுப்பழம் வீசுவாங்கன்னு முன்ன எழுதியிருந்தியே, இந்த வருஷம் போனா போட்டோ எடுத்து அனுப்பு. வீசின பழத்த எல்லாம் யாரு எடுக்கறா, அத மட்டும் நீ எழுதவே இல்ல.

இப்படிக்கு,
உன் வள்ளி