பொங்கலுக்கு வந்து போன தம்பிக்கு

தம்பி,

மூன்று நாள் வீட்டில் இருந்தாய். சாப்பிட உட்காரும் முன் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினாய். அப்புறமும் விரலை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாய். கோழிக்குழம்பைத் தொடவே இல்லை. அறுத்துப் படிக்கும் பிணம் கெடாமலிருக்கப் போடும் ஃபார்மலின் வாடை சீக்கிரம் போகாது என்று எனக்குத் தெரியும். உன் அக்காவும் எம்பிபிஎஸ் முதல் வருஷம் இப்படித்தான் கையை மோந்துகொண்டே இருந்தாள்.

ஆனால் அவள் வாய்விட்டுச் சொன்னாள். டிஸெக்‌ஷன் ஹாலில் கால் நடுங்கியது, அனாடமி பார்ட் கம்ப்ளீஷன் பரீட்சையில் ஃபெயில் ஆனது, பள்ளிக்கூடத்தில் முதல் ரேங்க் வாங்கியவள் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தது, எல்லாவற்றையும் ராத்திரி பதினோரு மணிக்குப் போனில் அழுதுகொண்டே கொட்டுவாள். உன்னைக் கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்கிறாய். எதிர்வீட்டுத் தாத்தா முட்டிவலி என்று உன்னைத் தேடி வந்தார். போனிலிருந்து தலையைத் தூக்காமல் "எக்ஸ்ரே எடுங்க" என்றாய். ப்ளஸ் டூ படிக்கும்போது அவருக்குத் தினமும் பேப்பர் வாசித்துக் காட்டியவன் நீ. அதுதான் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

வார்டில் 26 வருஷம் நர்ஸாக இருந்து எத்தனையோ பேட்ச் பிள்ளைகளைப் பார்த்துவிட்டேன். பெண்பிள்ளைகள் சிங்க் பக்கம் போய் அழுது, முகம் கழுவிக்கொண்டு அடுத்த பெட்டுக்கு வந்துவிடுவார்கள். பையன்கள் அட்டெண்டரிடம் எரிந்து விழுவார்கள். நோயாளி பேர் போய் 'ஏழாம் நம்பர் பெட்' ஆகிவிடும். பையன்களுக்கு நெஞ்சுறுதி ஜாஸ்தி என்று ரொம்ப நாள் நானும் நம்பினேன். அது தப்பு.

அக்கா சொல்கிறாள்: குணத்தை அளக்கும் கேள்வித்தாள்களில் பல நாடுகளிலும் பெண்களுக்குத்தான் பதற்றமும் இணக்கமும் சராசரியாகக் கூடுதலாக வருகிறதாம். அது அவரவர் தன்னைப் பற்றித் தானே எழுதும் பதில்தானே? "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று டிக் அடிக்கப் பையன்களை நாங்கள் எங்கே பழக்கினோம்? நீ சின்னதில் அழுதபோது "ஆம்பளப் பிள்ளை அழலாமா" என்று அதட்டியது நான்தான். இப்போது நினைத்தால் வலிக்கிறது.

அமெரிக்காவில் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரி மாணவர்களை வருஷா வருஷம் கவனித்து 2009-ல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. அடுத்தவர் வலியைப் புரிந்துகொள்ளும் மதிப்பெண் சேரும்போதே பெண்களுக்குக் கூடுதல். ஆனால் நோயாளிகளோடு முழுசாகப் பழகத் தொடங்குகிற மூன்றாம் வருஷத்தில் ஆண், பெண் இருவருக்குமே அது இறங்கியது. உன் வாட்டம் முதல் வருஷத்திலேயே தெரிகிறதே என்றுதான் கிடந்து தவிக்கிறேன். 40-க்கும் மேற்பட்ட நாடுகளின் ஆய்வுகளை 2016-ல் சேர்த்துப் பார்த்தபோது, மருத்துவ மாணவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு மனச்சோர்வின் அறிகுறி இருந்ததாம். அவர்களிலும் நூற்றுக்கு சுமார் 16 பேர்தான் சிகிச்சைக்குப் போயிருக்கிறார்கள்.

சரி, உன்னிடம் கேட்பது இவ்வளவுதான். ஞாயிறு சாயங்காலம் போன் பண்ணு. மார்க்கைப் பற்றிப் பேச்செடுக்க மாட்டேன். என்னிடம் சொல்ல முடியாததை அக்காவிடம் சொல், இல்லையென்றால் உன் மென்டரிடம் சொல். தூக்கம் வராத ராத்திரியில் 14416 இருக்கிறது. டெலி மனாஸ் என்கிற அரசாங்க மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

தாத்தா எக்ஸ்ரே எடுத்துவிட்டார். கவரோடு கொண்டுவந்து நம் வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறார். நீ வந்துதான் பார்க்க வேண்டுமாம்.

அம்மா