இஞ்சிச் சாற்றைத் தெளிய வைக்கச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த இஞ்சி வைத்தியக் கட்டுரையைப் படித்தேன். பசி எடுக்கும், வயிற்று உப்புசம் தணியும், குமட்டல் அடங்கும் என்று எழுதியிருந்தது எல்லாம் சரி. ஆனால் 'தினமும் இஞ்சிச் சாறு குடியுங்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எப்படி, எவ்வளவு என்பதில்தானே விஷயமே இருக்கிறது?

என் பாட்டி தோலோடு இஞ்சியை இடிக்க விடமாட்டார். கரண்டி நுனியால் தோலைச் சுரண்டி, இடித்து, வெள்ளைத் துணியில் பிழிந்து, சாற்றைக் கண்ணாடித் தம்ளரில் அசைக்காமல் வைப்பார். கொஞ்ச நேரத்தில் அடியில் சுண்ணாம்பு கரைத்தது போல மண்டி படியும். அது இஞ்சியின் மாவு. மேலே தெளிந்து நிற்பதை மட்டும் மெதுவாக இறுத்து, தேன் விட்டு, ஆளுக்கு ஒரு தேக்கரண்டிதான் தருவார். மண்டி கழுநீர்த் தொட்டிக்குப் போகும். சுக்கு என்றாலும் தோல் சீவித்தான் தட்டுவார். 'சுக்குக்குப் புறம் நஞ்சு, கடுக்காய்க்கு அகம் நஞ்சு' என்று சும்மாவா சொன்னார்கள்!

இதெல்லாம் பார்த்து வளர்ந்த நானே போன மழைக்காலத்தில் சளிக்கு என்று, வாட்ஸ்அப்பில் வந்த குறிப்பை நம்பி வெறும் வயிற்றில் அரைத் தம்ளர் பச்சைச் சாற்றை அப்படியே குடித்துவிட்டேன். இரண்டு நாள் நெஞ்செரிச்சல். மோர் சோறு தவிர எதுவும் இறங்கவில்லை.

இஞ்சி இல்லாவிட்டால் அதே அளவு சுக்கு என்று உங்கள் கட்டுரையில் இருப்பதும் சரியில்லை. இஞ்சி காயும்போது அதிலுள்ள 'ஜிஞ்சரால்' என்ற காரப் பொருள் கொஞ்சம் கொஞ்சமாக 'ஷோகால்' என்ற வேறொரு பொருளாக மாறுகிறது. அதற்குக் காரம் அதிகம். 'காலை இஞ்சி, கடும்பகல் சுக்கு' என்று பெரியவர்கள் வேளை பிரித்து வைத்ததையும் நினைத்துப் பாருங்கள்.

அப்புறம், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தினமும் இஞ்சிச் சாறு குடிக்கக் கூடாது. என் கணவர் அந்த மாத்திரையில்தான் இருக்கிறார். கட்டுரையைப் படித்ததும் அவர்தான் முதலில் இஞ்சி வாங்கக் கிளம்பினார்.

தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, அரும்பாக்கத்தில் அரசு சித்த மருத்துவமனை இருக்கிறது. அங்குள்ள மருத்துவர் ஒருவரிடம் அளவும் பக்குவமும் கேட்டு வெளியிடுங்கள். தீபாவளி லேகியத்துக்குச் சுக்கு வாங்கும் நாள் நெருங்குகிறது. அதற்கு முந்தைய இதழிலேயே வந்தால் நல்லது.

அன்புடன்,
ஒரு வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை.