பாடசாலை ஆளுநர் சபைகளில் இருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பெற்றோரே,

இலண்டன் பாடசாலைகளின் நிர்வாகத்தை மேற்பார்வை செய்யும் ஆளுநர் சபைகளில் ஊதியமின்றிப் பணியாற்றும் உங்களுக்கு, இங்கே கணிதம் கற்பிக்கும் ஆசிரியை ஒருத்தி வணக்கத்துடன் எழுதுவது. உள்ளூராட்சிச் சபையின் கீழுள்ள பாடசாலைகளில் அதிபரையும் பிரதி அதிபரையும் தெரிவுசெய்யும் குழுவில் குறைந்தது மூன்று ஆளுநர்கள் இருக்க வேண்டும். அந்த மூவரில் ஒருவராக உங்களில் பலர் அமர்ந்திருக்கிறீர்கள். அதனாலேயே உங்களிடம் கேட்கிறேன்.

சென்ற தவணையில், ஈராண்டுகள் பதில் பிரதி அதிபராக இருந்த என் சக ஆசிரியை, அதே பதவியின் நிரந்தர நியமனத்துக்கு விண்ணப்பித்தபோது நேர்முகத் தேர்வுக்குக்கூட அழைக்கப்படவில்லை. தலைமைத்துவ அனுபவம் போதாதென்று வாய்மொழியாகச் சொன்னார்கள். அந்த ஈராண்டுகளில் குழப்படி செய்த பிள்ளைகளையும், ஆங்கிலம் பேசத் தயங்கிய பெற்றோரையும், இடைநிறுத்தப்படும் நிலையிலிருந்த மாணவர்களையும் அவரிடமே அனுப்பினார்கள். வரவு செலவுத் திட்டத்தையும் நேரசூசியையும் தன்னிடம் தருமாறு அவர் கேட்டபோதெல்லாம், பிள்ளைகளைச் சமாளிக்க அவரைவிட்டால் ஆளில்லை என்று பாராட்டியே மறுத்தார்கள். பிறகு, அவர் கேட்டும் கொடுக்காத அந்த வேலைகளில் அனுபவமில்லை என்பதையே குறையாக்கினார்கள்.

இது ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இங்கிலாந்தின் பாடசாலைகளில் 86 வீதமானவற்றின் மூத்த தலைமைக் குழுவில் வெள்ளையரல்லாத ஒருவர்கூட இல்லை என்று, சில ஆண்டுகளுக்கு முன் வெளியான தேசியக் கல்வி ஆய்வு அறக்கட்டளையின் அறிக்கை காட்டியது. நாட்டின் ஆசிரியர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். இடைநிலைப் பாடசாலை அதிபர்களிலோ அவர்கள் பாதிக்கும் குறைவு. நிறமும் பெண்மையும் ஒருவரிடமே சேரும்போது வழி இன்னும் ஒடுங்குகிறது.

நான் வேண்டுவது ஒன்றுதான்: விண்ணப்பித்தவர், அழைக்கப்பட்டவர், தெரிவானவர் என ஒவ்வொரு கட்டத்திலும் இனமும் பாலும் பதிவாகட்டும், விலக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் எழுத்தில் காரணம் கொடுக்கப்படட்டும்.

நம் சமூகத்தின் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஆங்கிலேய அதிபரை அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம். அவருடைய பாடசாலையில் இருபது ஆண்டுகள் கற்பிக்கும் நம் பெண் ஏன் அந்த நாற்காலிக்கு வரவில்லை என்று ஒருநாளும் அவரிடம் கேட்டதில்லை. சபைக் கூட்டங்களில் நீங்கள் காக்கும் மௌனமும் இதற்குத் துணைபோகிறது. கடுமையாக எழுதிவிட்டேனென்றால் பொறுத்தருளுங்கள்.

வாய்ப்புச் சமத்துவத்தை முன்னெடுப்பதில் பாடசாலைகள் உரிய கவனம் செலுத்த வேண்டுமென 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் சொல்கிறது. ஆகவே எழுத்தில் காரணம் கேட்பது சலுகை கேட்பதாகாது. உங்கள் சபையின் அடுத்த கூட்ட நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இலண்டன் ஆசிரியை ஒருத்தி