கருவேப்பிலை துளிர்த்துவிட்டது

டொராண்டோ,
ஏப்ரல் 20

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் இங்கே நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறதா?

முதலில் நல்ல செய்தி. கருவேப்பிலை துளிர்த்துவிட்டது! ஜனவரியில் இலை இலையாக மஞ்சளாகி உதிர்ந்து, பிப்ரவரியில் வெறும் குச்சியாக நிற்கிறதென்று போனில் அழுதேனே, அதே செடிதான். அன்று நீ சொன்னபடி நகத்தால் தண்டை லேசாகக் கீறிப் பார்த்தேன். தோலுக்கு அடியில் பச்சை தெரிந்தது. தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன். நேற்றுக் காலை பார்க்கிறேன், அடித்தண்டில் மூன்று இடத்தில் மிளகளவு முளை. ஒன்று விரிந்து, குழந்தை நகம் மாதிரி இரண்டு இலை. விரல் பட்டதும் நம் வீட்டு ரசத்து வாசம். கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

தப்பு என்னுடையதுதான். நம் ஊர் செங்கோட்டையில் விடிந்ததும் வாளியைத் தூக்கின பழக்கத்தில் இங்கேயும் தினம் ஊற்றினேன். டிசம்பரில் இங்கே பகல் ஒன்பது மணி நேரம்தான்; சாயங்காலம் ஐந்துக்குள் இருட்டிவிடும். வெளிச்சம் குறைந்தால் செடி தண்ணீரை இழுக்காது, வேர்தான் அழுகும். இப்போது விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுகிறேன். குழாய்த் தண்ணீர் ஐஸ் மாதிரி வருவதால் முதல் நாள் இரவே பிடித்து வைத்துவிடுவேன்.

ஹீட்டர் காற்று இன்னொரு எதிரி. செம்பருத்தி இலையின் அடியில் மெல்லிய நூலாம்படை, மேலே ஊசி குத்தினாற்போல் மஞ்சள் புள்ளி. செஞ்சிலந்திப் பூச்சி. தொட்டியோடு குளியலறைக்குக் கொண்டுபோய், சோப்புத் தண்ணீரால் ஒவ்வொரு இலையாக அடிப்பக்கம் துடைத்துக் கழுவினேன். வாரம் ஒருமுறை செய்து, நாலாவது வாரம்தான் நின்றது. துளசி தாங்கவில்லை. விதை எடுத்து வைத்திருக்கிறேன்.

குளிர்காலத்தில் சூரியன் தெற்கே தாழ்ந்து போவதால் தெற்குச் சன்னலில் வெயில் அறையின் பாதி வரை வருகிறது. கருவேப்பிலையும் செம்பருத்தியும் அங்கே. மணிபிளாண்ட் வெளிச்சம் குறைந்த புத்தக அலமாரி மேல், கொடி தொங்கவிட்டு. கொல்லம் ரயிலில் போகும்போது தென்மலைப் பக்க முற்றங்களில் குரோட்டன்ஸைப் பார்த்து ஆசைப்படுவாயே, அது இங்கே வீட்டுக்குள் வளர்க்கும் செடி. ஒன்று வாங்கிவிட்டேன்.

மே கடைசி வரை எதையும் வெளியே வைக்க மாட்டேன். அதுவரை உறைபனி பயம். வைத்தாலும் முதல் வாரம் நிழலில்தான், இல்லாவிட்டால் இலை கருகிவிடும். போன வருஷம் அக்டோபர் வரை வெளியே விட்டது பிசகு. இந்த வருஷம் ராத்திரிக் குளிர் பத்து டிகிரிக்கு இறங்கும் முன்பே உள்ளே எடுத்துவிடுவேன்.

ஜூனில் ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரல் வந்துவிடும். அதற்குள் மாடித் தொட்டிகளைச் செங்கல் மேல் ஏற்றி, அடி ஓட்டையைக் குச்சியால் குத்திவிடத் தம்பியிடம் சொல். கற்றாழையைச் சாரல் படாத சுவரோரம் வைத்துவிடு.

நீ வரும்போது ஆசையாகச் செடி எதையும் மண்ணோடு எடுத்து வராதே; விமான நிலையத்தில் விட மாட்டார்கள்.

நுனியைக் கிள்ளினால்தான் கிளை பிரியும் என்பாய். இந்தத் துளிர்களை எவ்வளவு உயரம் வந்ததும் கிள்ளட்டும்? ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்.

உன் மகள்