பூட்டோடு விற்கப்படும் மடிக்கணினிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையத்தில் பழைய மடிக்கணினி வாங்கியவர்கள், இயக்கியதுமே அது முந்தைய உரிமையாளரின் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கிறது என்று எங்களைப் போன்ற பழுதுபார்ப்பவர்களிடம் எடுத்து வருவது அடிக்கடி நடக்கிறது. "விண்டோஸை மறுபடி போட்டால் சரியாகிவிடும்" என்ற ஒரே பதிலை எல்லாப் பூட்டுக்கும் சொல்லி அனுப்புவது அவர்களை மேலும் இழப்பில் தள்ளுவதால் இதை எழுதுகிறேன்.

அந்தப் பதில் பொருந்தும் இடம் உண்டு. விண்டோஸின் உள்நுழைவுத் திரையில் மட்டும் கடவுச்சொல் கேட்கப்பட்டால், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் நிறுவல் கோப்பை 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றி, வட்டை முழுவதும் அழித்துப் புதிதாக நிறுவிக்கொள்ளலாம். வட்டிலுள்ள தரவைக் குறியாக்கிப் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் வசதி 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டாலும் கலங்க வேண்டியதில்லை. அந்தச் சாவி பழைய தரவைப் படிக்கத்தான் தேவை. அந்தத் தரவோ வாங்கியவருக்கு உரியதன்று.

விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே கேட்கப்படும் பயாஸ் (கணினியை இயக்கியதும் முதலில் ஓடும், மதர்போர்டிலேயே பதிந்துள்ள மென்பொருள்) கடவுச்சொல் வேறு வகை. மதர்போர்டிலுள்ள சிறு பேட்டரியைக் கழற்றி மாட்டினால் அது போய்விடும் என்று இன்னமும் நம்புகிறார்கள். பழைய மேசைக்கணினிகள் பலவற்றில் அது நடந்ததுதான். ஆனால், அலுவலகப் பயன்பாட்டுக்கென்று செய்யப்படும் இன்றைய மடிக்கணினிகளில் அந்தக் கடவுச்சொல் மின்சாரம் இல்லாமலும் அழியாத சிப்பில் இருப்பதால், பேட்டரியைக் கழற்றிப் பயனில்லை. உரிமையைக் காட்டும் ரசீது இல்லாமல் தயாரிப்பு நிறுவனத்திடம் உதவி பெறுவதும் அரிது. சில மாடல்களில் மதர்போர்டையே மாற்றச் சொல்வார்கள்.

ஆப்பிள் கணினிகளில் 2019-இல் வந்த கேட்டலினா என்ற இயங்குதளப் பதிப்பு முதல், டி2 என்ற பாதுகாப்புச் சிப்போ ஆப்பிளின் சொந்தச் செயலியோ உள்ளவற்றுக்கு, கணினியை உரிமையாளரின் ஐகிளவுட் கணக்கோடு பிணைக்கும் ஆக்டிவேஷன் லாக் உண்டு. வட்டை அழித்தாலும் அது நீங்காது. விற்றவர் மனம் வைத்தால், எங்கிருந்தாலும் தமது ஐகிளவுட் கணக்கில் நுழைந்து அந்தக் கணினியை நீக்கிவிடலாம். சில நிமிட வேலைதான். நிறுவனங்கள் தங்கள் கணினிகளை அமைத்து நிர்வகிக்க மைக்ரோசாஃப்ட் தரும் ஆட்டோபைலட் சேவையில் பதிவு செய்த கணினியிலோ, விண்டோஸைப் புதிதாக நிறுவி இணையத்தில் இணைத்ததும் அந்த நிறுவனத்தின் பெயர் தாங்கிய உள்நுழைவுப் பக்கம் வந்து நிற்கும். பதிவை நீக்கும் அதிகாரம் அந்த நிறுவனத்துக்கே உண்டு என்பதோடு, அது முறையாகக் கழித்து விற்கப்பட்டதா, திருடப்பட்டதா என்ற கேள்வியும் எழுகிறது.

ஆகவே, எந்தப் பூட்டாயினும் முதலில் கேட்க வேண்டியது விற்றவரைத்தான். திரையைப் படம் எடுத்து, வரிசை எண்ணையும் குறித்து, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் எழுத்தில் கேட்க வேண்டும். அவசரப்பட்டு வட்டை அழித்துவிட்டால், பூட்டோடுதான் வந்தது என்பதற்கான சான்றும் அதோடு போய்விடும். "எந்தப் பூட்டையும் உடைத்துத் தருகிறோம்" என்று விளம்பரம் செய்வோரிடம் கொடுத்து மதர்போர்டையே பாழாக்கிக்கொண்டவர்களின் கணினிகளும் எங்களிடம் வருகின்றன. அவற்றுக்கு எங்களால் செய்யக்கூடியது மிகக் குறைவு.

இந்தப் பூட்டுகளைத் தளர்த்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கணினியைப் பறிகொடுத்தவருக்கு அவையே காவல். திறந்து ஒப்படைக்கும் பொறுப்பு விற்பவருடையது என்பதை விற்பனைத் தளங்கள் ஏட்டளவில் அல்லாமல் நடைமுறையில் கொண்டுவர வேண்டும் என்பதே என் கோரிக்கை. பழைய கணக்குகள் நீக்கப்பட்டு, முதல்முறை அமைக்கும் திரையில் கணினி நிற்பதைக் காட்டும் படமும் வரிசை எண்ணும் இல்லாத விளம்பரத்தை ஏற்கக் கூடாது. வாங்கியவர் தம் கணக்கில் நுழைந்து பார்த்து ஒப்புக்கொள்ளும் வரை பணத்தைத் தளமே வைத்திருக்க வேண்டும். திறக்க இயலாதவற்றை உதிரிபாகங்களுக்கான பிரிவில் மட்டுமே விற்க அனுமதிக்க வேண்டும். தங்கள் இதழ் இக்கோரிக்கையை அத்தளங்களின் முன் வைத்து, அவற்றின் பதிலையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்க்கும் தொழிலில் உள்ள வாசகர் ஒருவர்