லாம்பின் (குழந்தைக்குக் கட்டும் துணி டயப்பர்) மடித்து வைத்தவருக்கும் மற்ற எல்லோருக்கும்

எங்கள் அடுக்குமாடி புளோக்கில் உள்ளவர்களுக்கும், சொந்தபந்தங்களுக்கும், தொழிற்சாலை நண்பர்களுக்கும் வணக்கம். மகள் நன்றாக இருக்கிறாள். மஞ்சள் காமாலை இறங்கிவிட்டது. பால் குடிக்கிறாள், கத்துகிறாள், எங்களைத் தூங்க விடுவதில்லை. எல்லாமே நல்ல சேதிதான். ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது, தைப்பிங்கிலிருந்து அத்தை ஏன் வர முடியவில்லை என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி கிளறப் போவதில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதையும் அவள் கண்ணசரும் நேரம் பார்த்துத் தவணையில்தான் எழுத முடிகிறது.

மலேசியாவில் 2023 ஜனவரியிலிருந்து தனியார் வேலையில் இருக்கிற அப்பாக்களுக்கும் சம்பளத்தோடு 7 நாள் விடுமுறை உண்டு. தொடர்ச்சியாக 7 நாள், இடையில் ஞாயிறு வந்தால் அதுவும் கணக்கில் சேரும். முன்பு அதுவும் இல்லை, அதனால் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்கு அதில் பெரும்பங்கு ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே போய்விட்டது. குழந்தையை வீட்டுக்குக் கொண்டு வந்த சூட்டோடு நான் பாயான் லெப்பாசுக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. வீட்டில் வயிற்றுத் தையலோடு மனைவி. குனியக் கூடாது, வாளி தூக்கக் கூடாது. அதனால் லாம்பின் துணிகளை விடியற்காலையில் துவைத்து, வெளி நடைபாதைக் கொடியில் போட்டுவிட்டுப் போவது என் பொறுப்பு.

பினாங்கு மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் வெயில் பளிச்சென்று அடிக்கும். மூன்று மணிக்கு மேல் கொடிமலைப் பக்கம் கறுத்தால், ஆயர் ஈத்தாமில் குடை தேடுவதற்குள் கொட்டிவிடும். நடைபாதைக்குக் கூரை இருந்து என்ன பயன்? சாரல் கொடி வரைக்கும் வந்துவிடும். அப்படி ஒரு மழையில்தான், போட்டதெல்லாம் நனைந்திருக்கும், ராத்திரிக்குத் துணிக்கு என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டே லிப்டிலிருந்து இறங்கினேன். கொடி காலியாக இருந்தது. கிரில் கதவில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. உள்ளே அத்தனை லாம்பினும் சதுரமாக மடித்து, ஓரத்தோடு ஓரம் பொருத்தி அடுக்கியிருந்தது. கிளிப்புகள் தனியாக ஒரு சின்னப் பையில். மேலே இருந்தவை நன்றாகவே காய்ந்திருந்தன. அடியில் இருந்தவை காற்றாடிக்குக் கீழே போட்டு எடுத்தவை போல லேசான ஈரத்தோடு இருந்தன.

மனைவியைக் கேட்டேன். யாரும் மணி அடிக்கவில்லை, கூப்பிடவும் இல்லை என்றாள். எதிர்வீட்டு அக்காவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். அவரோ, "நான் இல்லப்பா" என்றார். அடுத்த மழைக்கும் அதே பை, அதே மடிப்பு. கடைசியில் கண்டுபிடித்தது என் மனைவிதான். துணியை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஊதுபத்தி வாசம் வருது, ஆனா நம்ம ஊதுபத்தி இல்ல" என்றாள். எங்கள் வரிசையின் கோடியில், வாசலிலேயே சிவப்புச் சாமிமாடம் வைத்திருக்கும் வீடு ஒன்றுதான். அங்கே தனியாக இருக்கும் சீன ஆ மாவை (பாட்டியை) உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இத்தனை வருடத்தில் அவருக்கும் எங்களுக்கும் லிப்டில் தலையாட்டுகிற பழக்கம் மட்டும்தான்.

நன்றி சொல்லப் போனேன். அவர் என் பேச்சைக் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. கொடியைக் காட்டி, "மாலாம் தா போலே" என்று கண்டிப்பாகச் சொன்னார். இருட்டிய பிறகு குழந்தைத் துணி வெளியே கிடக்கக் கூடாதாம். இதையேதான் அத்தை தைப்பிங்கிலிருந்து தினமும் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். மணி ஏன் அடிக்கவில்லை என்று கேட்டதற்கு, கன்னத்தில் கைவைத்துத் தூங்குவது போலக் காட்டினார். அவ்வளவுதான், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இன்றுவரை அவர் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை, குழந்தையைக் காட்டச் சொன்னதும் இல்லை. யோசித்துப் பார்க்கிறேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அன்போடுதான் வந்தீர்கள். ஆனால் வந்தவர்களுக்கு மைலோ கலக்க வேண்டும், குழந்தை யார் ஜாடை என்கிற வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டும், வெயிலில் காட்டு, தண்ணீர் கொடு, கொடுக்காதே எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டும். (கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் போன வீடுகளில் இதைத்தான் செய்திருக்கிறேன்.) தூங்குகிற தாயையும் பிள்ளையையும் எழுப்பாமல் உதவுவது எப்படி என்று ஆ மாவிடம்தான் பார்த்தேன். இனி இந்த வரிசையில் எந்த வீட்டுக் கொடியில் லாம்பின் தொங்கினாலும், நான் வீட்டில் இருக்கும் நேரம் மழை வந்தால் அதை எடுத்து வைப்பது என் வேலை. மடிப்பு அவர் அளவுக்கு வராது, அதற்கு மட்டும் உத்தரவாதம் தர முடியாது.

அப்புறம், அரசாங்க கிளினிக் மிஸ்ஸிக்கு, அதாவது தாதிக்கு. பிரசவமான வீட்டைத் தேடித் தாதியே வரும் ஏற்பாடு நம் நாட்டில் இருப்பதன் அருமை, பிள்ளை பிறந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எடை குறைந்துவிட்டதே என்று நாங்கள் மிரண்டபோது, முதல் வாரத்தில் பத்தில் ஒரு பங்கு வரைகூடக் குறையலாம், இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் மீண்டுவிடும் என்று உட்கார்ந்து விளக்கினார். மஞ்சளுக்கு வெயிலை நம்பாதீர்கள், அடிக்கடி பால் கொடுங்கள், அளவு ஏறினால் நீல விளக்குதான் வைத்தியம் என்று அவர் தெளிவாகச் சொன்னதால் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். குதிகாலில் ஊசி குத்தும்போது குழந்தையைவிட அதிகம் அழுத என்னைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. அதற்குத் தனி நன்றி.

பூண்டுக் குழம்பும் பிரசவ காயமும் மாற்றி மாற்றிச் செய்து அனுப்பிய அண்ணிக்கு, காடியை (காரை) எடுத்துக்கொண்டு எந்த நேரத்திலும் வந்த மாமாவுக்கு, ஷிப்ட் மாற்றிக்கொடுத்த நண்பர்களுக்கு, தண்ணீர்மலை முருகன் கோயிலில் அர்ச்சனை செய்து விபூதி கொண்டுவந்து கொடுத்த அக்காவுக்கு, "பசியாறியாச்சா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் ரொட்டியைக் கட்டிக்கொடுத்த கீழ்மாடிக் கடை அண்ணனுக்கு, எல்லோருக்கும் எங்கள் மூவரின் நன்றி.

குழந்தைக்கு முப்பதாம் நாள் சாமி கும்பிட்டாயிற்று, இனித் தாராளமாக வீட்டுக்கு வரலாம். வரும்போது இன்னொன்று. உங்கள் சட்டிகளும் டிபன் கேரியர்களும் எங்கள் அடுப்படியில் குவிந்து கிடக்கின்றன. மூடியில் பேர் எழுதாதவர்கள் அடையாளம் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள்.